டொமிக்கு ஏற்ற பாலைவனம்

மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலைப்பக்கம் ஏறும்போது வேன் கண்ணாடியில் உள்ளேயும் வெளியேயும் ஈரம் படிந்துவிடும். அன்றும் அப்படித்தான். வெளியே தூறல். உள்ளே ஐந்து ஆட்கள், ஒரு ரைஸ் குக்கர், இரண்டு பாய், பலாக்காய்க் கறிச் சட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் நாய் டொமி. வெயில் என்று சொல்ல ஒரு துண்டு வெளிச்சம்கூட இல்லை. ஆனாலும் டொமி ஒரு சாண் நாக்கைத் தொங்கவிட்டு, விலா எலும்பு தெரிய இரைத்துக்கொண்டிருந்தது. மேலேயுள்ள கணவாயைத் தாண்டி மறுபக்கம் பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு இறங்கினோம். மேகம் கத்தரித்தது போல அறுந்துவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. காய்ந்த புல்லின்மேல் காற்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நெற்றி வேர்த்தது. வேனை நிறுத்திக் கதவைத் திறந்ததும் டொமி இரண்டு தரம் மோப்பம் பிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

“தூறல்ல இளைச்சிச்சு, வெயில்ல வாய மூடிக்கிச்சு. இது என்னண்ணே கணக்கு?” என்றான் வேன் ஓட்டிய தம்பி.

அந்தக் கணக்குத் தெரிந்த மனிதர்கள் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்றொரு சிறிய ஊர். சுற்றிலும் முட்செடியும் சரளைக்கல்லும்தான். கோடையில் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும் அந்த வெளியில், ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டி வீடுகளை நிறுத்தி நீண்ட நாள் தங்குவதற்கென்றே அரசு நிலம் ஒதுக்கி வைத்திருக்கிறது. வடக்கே குளிர் தொடங்கியதும் ஓய்வு பெற்ற தம்பதிகள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியில் வந்து இறங்குகிறார்கள். பலருடைய வண்டியிலிருந்து முதலில் குதிப்பது ஒரு நாய். பாலைவனம், நாய், வண்டி வீடு என்ற இந்த மூன்றும் இலையுதிர் காலத்தில் ஒத்துப்போவதற்குக் காரணம் நாயின் மூக்குக்குள் இருக்கிறது.

நாயின் உடம்புச் சூடு நம்மைவிடக் கொஞ்சம் கூட: 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை அதற்கு இயல்பு. 41ஐத் தாண்டினால் ஆபத்து. நமக்குச் சூடேறினால் தோல் முழுவதும் வேர்க்கிறது. வேர்வை ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை உடம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். நாய்க்கு இந்த வசதி இல்லை. சூட்டைத் தணிக்கும் வேர்வைச் சுரப்பி அதற்கு உள்ளங்காலில்தான் உண்டு. சீமெந்துத் தரையில் ஈரப் பாதத் தடம் விழும், அவ்வளவுதான். ஆகவே அது தன் மண்பானையை மூக்கிலும் வாயிலும் வைத்திருக்கிறது.

நாக்கைத் தொங்கவிடுவதைப் பார்த்து, நாக்குத்தான் எல்லா வேலையும் செய்கிறது என்று நினைக்கிறோம். பெரிய பங்கு மூக்குக்கு. நாயின் மூக்கெலும்புக்குள்ளே சுருள் சுருளாக மடிந்த மெல்லிய தகடுகள் உண்டு. அவற்றின் மேல் ஈரத்தோல் போர்த்தியிருக்கிறது. இந்தச் சுருள்களில்தான் குளிரூட்டும் பரப்பு கிடைக்கிறது. பாலைவன விலங்குகளின் உடலியலையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட நுட் ஷ்மித்-நீல்சன், தம் கூட்டாளிகளோடு 1970இல் வெளியிட்ட ஆய்வில் இரைக்கும் நாயின் காற்று எந்த வழியே போகிறது என்று அளந்து காட்டினார். உள்ளே வருவது பெரும்பாலும் மூக்கு வழி, வெளியே போவது பெரும்பாலும் வாய் வழி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூக்கால் இழுத்த காற்று ஈரச் சுருள்களின் மேல் ஓடும்போது வெப்பத்தையும் நீராவியையும் வாரிக்கொள்கிறது. அதே மூக்கால் திரும்பி வந்தால், குளிர்ந்திருக்கும் சுருள்களில் வாரியதையெல்லாம் மறுபடி கொட்டிவிடும். குளிர் நாட்டில் அது சிக்கனம். சூட்டில் அது தண்டம். அதனால் நாய் சூடான காற்றை வாயால் வெளியே தள்ளிவிடுகிறது. எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு வாய்வழிப் பங்கு கூடும்.

சுருள்கள் காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளிப்பது யார்? மூக்கின் இரண்டு பக்கமும் உள்ள ஒரு சுரப்பி. சூடு கூடக் கூட அது அதிகமாகச் சுரக்கிறது என்று 1972இல் காட்டினார்கள். நமக்கு வேர்வைச் சுரப்பி செய்கிற வேலையை நாய்க்கு அந்த மூக்குச் சுரப்பி செய்கிறது.

இன்னொரு சந்தேகம் வரலாம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது முந்நூறைத் தாண்டுகிறது. இவ்வளவு வேகமாகத் தசையை ஆட்டினால் அந்த உழைப்பே சூட்டைக் கூட்டிவிடாதா? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஓர் ஆட்டக் கதி உண்டு. அந்தக் கதியில் விரலால் தள்ளினாலே போதும், மாறித் தள்ளினால் தோள் வலிக்கும். நெஞ்சுக்கூடும் நுரையீரலும் சேர்ந்த நாயின் மூச்சுத் தொகுதிக்கும் அப்படி இயல்பான ஓர் அதிர்வுக் கதி உண்டு, நாய் ஏறத்தாழ அந்தக் கதியிலேயே இரைக்கிறது என்று 1962இல் க்ராஃபர்ட் என்ற ஆய்வாளர் கண்டார். அதனால் உழைப்பு குறைவு. மூச்சும் ஆழமில்லாதது. மூக்கு, வாய், தொண்டை மட்டும் கழுவப்படுகின்றன, நுரையீரலின் அடியிலுள்ள காபனீரொட்சைட்டு அவ்வளவாக வெளியே அள்ளப்படுவதில்லை. சிப்பிப்பாறை நாயையும் அரபு நாட்டு சலூக்கியையும் பார்த்தவர்களுக்கு அந்த நீண்ட மூஞ்சியும் ஒட்டிய வயிறும் நினைவிருக்கும். வெயில் நிலத்தில் ஓடப் பழகிய உடம்பு அது. முகம் தட்டையான பக் நாய்க்கு மூக்குக்குள் இடமே இல்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மனிதன் சுருக்கிய மூக்கு, கோடையில் அதன் உயிரை வாங்குகிறது.

இனித் தம்பியின் கணக்குக்கு வருவோம். ஆவியாகும் தண்ணீரை ஏற்றுக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால், ஆவியாதல் அதை எந்த அளவுக்குக் குளிர்விக்கும் என்று தெரியும். மழைவிட்ட நாளில் நம் பக்கத்தில் 30 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம் என்று வையுங்கள். துணி ஏறத்தாழ 28 பாகைக்குத்தான் இறங்கும். பாலைவனத்தில் 35 பாகை, ஈரப்பதன் 20 சதவீதம் என்றால் அதே துணி 19 பாகைவரை இறங்கிவிடும். காற்று ஐந்து பாகை அதிகச் சூடு, ஆனால் ஈரத்துணி ஒன்பது பாகை அதிகக் குளிர்ச்சி! துணி என்ற இடத்தில் நாயின் மூக்கையும் நாக்கையும் வைத்துப் பாருங்கள். ரிவஸ்டனுக்கு இந்தப் பக்கம், ஐந்து பேரின் மூச்சு நிறைந்த மூடிய வேனில், டொமி இரைத்தது அத்தனையும் வீண். மறுபக்கத்தில் வறண்ட காற்றில் நாலு இரைப்பிலேயே வேலை முடிந்துவிட்டது.

ஆடி மாதம் மட்டக்களப்புக்குப் போனவர்களுக்குக் கச்சான் காற்றைத் தெரியும். தென்மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு போகிறது. தும்பறை மலைகளான நக்கிள்ஸ் அந்தக் காற்றுக்கு ஒரு சுவர். இரத்தோட்டையில் மிளகுக் கொடியும் சாதிக்காய் மரமும் நனைந்துகொண்டிருக்கும்போது லக்கலைப் பக்கம் மண் வெடித்திருக்கும். பழந்தமிழர் பாலையை மணல்வெளி என்று வைக்கவில்லை, மலையும் காடும் வெயிலில் வாடிய நிலையென்றே வைத்தார்கள். அந்தப் பொருளில் எங்களுக்கும் ஒரு மணி நேர வேன் ஓட்டத்தில் ஒரு பாலை உண்டு. ஐப்பசியில் இடி மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போய்விடும். ஆகவே புரட்டாதியில் போவதே எங்கள் வழக்கம்.

சரி, வறட்சிதான் நல்லதென்றால் ஏன் கோடையில் பாலைவனத்துக்குப் போகக் கூடாது? ஆவியாதலுக்கும் ஓர் எல்லை உண்டு, தரைச் சூட்டை அது தணிக்காது. கோடை நடுப்பகலில் பாலைவன மணலின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டும், பாதம் வெந்துபோகும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பார்ப்பது அங்கே போகிறவர்களின் பழக்கம். நமக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். இலையுதிர் காலத்தில் சூரியன் சாய்ந்துவிடுகிறது. வறண்ட காற்றில் நீராவிப் போர்வை இல்லாததால் நிலத்தின் சூடு இரவில் வானத்துக்குப் போய்விடுகிறது, விடியும்போது நாய் போர்வைக்குள் நுழையும். குவைத்திலும் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் காலம் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் குளிர்கதைகளை ஊரில் யாரும் எளிதில் நம்புவதில்லை.

அடுத்தது வேன். நாய்க்கு இதைவிட நல்ல வீடும் இல்லை, இதைவிடப் பொல்லாத கூண்டும் இல்லை. 2005இல் கலிபோர்னியாவில் வெயிலில் நிறுத்திய காரை அளந்தார்கள். வெளியே வெறும் 22 பாகை இருந்த நாளிலும் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 47 பாகை. ஏறிய சூட்டில் எண்பது சதவீதம் முதல் அரை மணியில். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பயன் ஏதுமில்லை. வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே வந்து இருக்கையைச் சூடாக்குகிறது, சூடான காற்றுக்கு வெளியேற வழியில்லை. நாய் உள்ளே இருந்தால் இன்னொன்றும் நடக்கிறது. அது இரைக்க இரைக்க அந்தச் சிறிய அறையின் காற்று நீராவியால் நிறைகிறது. தன் மண்பானையைத் தானே அடைத்துக்கொள்கிறது. மாத்தளையில் ஒருமுறை தேங்காய் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவன் பேச்சில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாய் ஈரம். டொமி எழும்பவில்லை. குழாயடியில் தண்ணீர் ஊற்றி, அட்டைப் பெட்டியால் விசிறி, கால்மணி கழித்துத்தான் வாலை அசைத்தது. அந்தக் கால்மணி நேரத்தை நான் இன்னும் கடக்கவில்லை.

வண்டி வீட்டுக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரிய வித்தை ஏதுமில்லை. கூரையில் ஒரு துவாரம் வெட்டி, காற்றை மேலே உறிஞ்சும் விசிறி. நிழல் பக்கத்தில் தாழ்வாக ஒரு யன்னல் திறந்திருக்கும். சூடான காற்று தானாகவே மேலேறுவதால் விசிறிக்குச் சில பத்து வாற்று போதும். ஏசிக்கோ ஆயிரம் வாற்றுக்கு மேல் வேண்டும். விசிறிக்கு மின்சாரம் தருவது தனியான இரண்டாவது பெற்றரி. இரவு முழுக்க ஓடி அது தீர்ந்தாலும் காலையில் எஞ்சின் கிளப்பும் பெற்றரி பிழைத்திருக்கும். கூரையிலுள்ள சோலார் தகடு பகலில் அந்த இரண்டாவதை நிரப்பும். முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு. பலர் ஈரத் தட்டி வழியே காற்றை ஊதும் கூலரும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்டது இதே சூத்திரம். அந்தக் கூலரை வாங்கி வந்து இரத்தோட்டையில் ஓட்டினால் பாய்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்களுடையது வாடகை ‘டொல்பின்’ வேன், கூரையில் துளை போட முதலாளி விடமாட்டார். இரண்டு பக்க யன்னலுக்கும் நுளம்பு வலை தைத்தோம். பின்கதவைக் கயிறு கட்டி அரைக்குத் திறந்து வைத்தோம். ஒரு பழைய பெற்றரியில் சிறு விசிறி. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டபடி தூங்குவது மட்டும் வேண்டாம், புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் நாய் நம்மைவிடக் கெட்டிக்காரன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாலைவனத்தில் மனித உடலை ஆராய்ந்த எட்வர்ட் அடோல்ஃப், தாகம் தீரக் குடித்தாலும் மனிதன் இழந்த முழுத் தண்ணீரையும் திரும்பக் குடிப்பதில்லை என்று கண்டார். நாயோ சில நிமிடங்களில் ஏறத்தாழ இழந்த அளவை அப்படியே நக்கி முடித்துவிடும். அதற்கு வேண்டியது கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர். சூடு தலைக்கேறிய நாயின் அடையாளங்கள்: பிசுபிசுப்பான எச்சில், கடும் சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்ச்சி, பிறகு மிருக வைத்தியர். ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டால் அதுவே ஆவியை அடைத்துவிடும்.

அரிசோனாவில் நாயோடு நடப்பவர்கள் சட்டைப்பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள், பாதத்தில் ஒட்டும் சோயா என்ற கள்ளி முள்ளைத் தட்டிவிட. எங்களுக்குச் சீப்புக்குப் பதில் உப்புப் பொட்டலம், அட்டைக்கு. ஓடையில் குடிக்கும் நாயின் மூக்குக்குள்ளேயே அட்டை ஏறிவிடும். பிட்டவல பத்தனையில் நாங்கள் டொமியைப் புல்வெளிக்குள் விடவில்லை. தும்பறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத் தவளை அங்கே ஈரக் கல்லில் ஒட்டி வாழ்கிறது. 2010இல் உலக மரபுரிமையான இடத்தில் ஊர் நாய்க்கு வேலை இல்லை.

அன்று இரவு இலுக்கும்புறையில் தெரிந்த வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தினோம். டொமியை வெளியே கட்டலாமா என்று தம்பி கேட்டான்.

“வேணாம் தம்பி,” என்றார் வீட்டுக்காரர். “போன மாசந்தான் பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிச்சு.”

பின்கதவுக் கயிற்றை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கினோம். வலை வழியே காய்ந்த புல் வாசனையோடு காற்று வந்தது. ரைஸ் குக்கருக்கும் பாய்க்கும் நடுவே மூக்கை வாலுக்குள் செருகிச் சுருண்டு, டொமி நிமிடத்துக்கு இருபது மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன்.