ஒருவர் தாங்குவதும் ஊர் தாங்குவதும்

உழைப்பும் உள்ளமும் – 11

2005ஆம் ஆண்டு பிறந்தபோது கல்முனைக் கரையில் தப்பியிருந்த தோணிகள் கொஞ்சம். அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் மீன் பிடித்து வந்தாலும் வாங்க ஆளில்லை. எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன கடல் அது. அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்று நாடு முழுவதும் சனங்கள் மீனை விலக்கி வைத்தார்கள். உயிரும் வலையும் தோணியும் மிஞ்சியவருக்குக்கூடத் தொழில் மிஞ்சவில்லை.

வேலைக் களைப்பு ஒருவரை எப்படி மெல்ல மெல்ல அரிக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்குத் தந்த விளக்கத்தையும் பார்த்தோம். அந்தக் களைப்பை நிறுவனம் தனி நோயாகப் பதியவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவாகப் பதிந்தது. இந்த வாரக் கேள்வி இன்னும் கடினமானது. களைப்பு போதாதென்று, வெளியிலிருந்து பேரிடியும் விழுந்துவிட்டால் ஒரு மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வருகிறார்? பதிலைத் தேட அம்பாறைக் கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் சுனாமி அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தவர்கள். வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக வேலியோடு வேலி ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் இவை. கடலோர வளவுகளில்தான் வீடுகள் நெருக்கம். அந்த வீடுகளே வேலையிடங்களாகவும் இருந்தன. முற்றத்தில் வலை காயும், பின்வளவில் தறி ஓடும், முன் அறையில் தையல் மெஷினோ சில்லறைக் கடையோ இருக்கும். வீடு போன அந்தக் காலையில் வேலையும் அதோடு போனது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி அழிந்தன அல்லது சேதமாகின.

அதன்பின் வெளிநாடுகளிலிருந்து உளவள ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். தூக்கம் வருகிறதா, கனவில் அலை வருகிறதா, திடுக்கிட்டு எழுகிறீர்களா என்று உள்ளுக்குள் நடப்பதைக் கேட்கும் வினாத்தாள்கள் அவர்கள் கையில் இருந்தன. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த இலங்கை உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறு வழியில் போனார். துன்பத்தை மக்கள் தாங்களாக எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிந்தார். பலர் தங்கள் மனதுக்குள் நடப்பதைவிட, உறவுகளுக்கு நடுவே தங்கள் இடம் போனதைத்தான் சொன்னார்கள். பிள்ளைக்குத் தகப்பனாக இருக்க முடியவில்லை, சகோதரிக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியவில்லை, ஊரில் நான் யார் என்று தெரியவில்லை என்ற வகையான துன்பம் அது. நீண்ட காலம் மீள முடியாமல் தவித்தவர்களில் பலர் உறவுகளிலிருந்து தனித்துப் போனவர்கள். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் வடக்கு கிழக்கின் போர்க் காயங்களைக் குடும்பத்தின் காயமாக, சமூகத்தின் காயமாகப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதி வந்தவர்.

இது வேலைக்கும் பொருந்தும். வேலை என்பது சம்பளம் மட்டுமில்லை. ஒருவர் நாலு பேருக்கு நடுவே நிற்கும் இடமும் அதுதான். அந்த இடம் போனவரிடம் "சபூர் செய்யுங்க, மனதைத் திடப்படுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி ஆறுதல். மறுபாதி, அந்த இடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது.

திருப்பிக் கொடுப்பதற்குப் பணம் போதுமா? தெற்கில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் சுனாமியால் அடிபட்ட சிறு தொழில்களுக்குச் சீட்டுக் குலுக்கல் போலத் தெரிவு செய்து 10,000 அல்லது 20,000 ரூபாய் இனாமாகக் கொடுத்தார்கள். ஆய்வு 2012இல் வெளியானது. பணம் கிடைத்த சில்லறைக் கடைகள், கிடைக்காத கடைகளைவிட விரைவாக எழுந்தன. பொருள் உற்பத்தி செய்தவர்களுக்கோ அதே பணம் அவ்வளவாக உதவவில்லை. அவர்களுக்கு மூலப்பொருள் கொடுப்பவரும், செய்ததை வாங்குபவரும் சேர்ந்தே விழுந்து கிடந்ததுதான் காரணம்.

மருதமுனைத் தறிகளை நினைத்தால் இது உடனே விளங்கும். சாரனுக்கும் சாரிக்கும் பேர் போன ஊர் அது. நெசவாளி எவ்வளவு உறுதியானவராக இருந்தாலும் நூல் வர வேண்டும், சாயம் வர வேண்டும், பாவு போட ஆள் வேண்டும், நெய்ததை எடுக்க வியாபாரி வேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோதும் நாட்டின் கைத்தறிகள் நின்றது நெசவாளியின் மனம் தளர்ந்ததால் இல்லை. சங்கிலியின் மறுமுனை அறுந்ததால்தான்.

ஆகவே என் கருத்தை நேராகச் சொல்கிறேன். கஷ்ட காலத்தில் வேலையில் நிலைத்து நிற்கும் வலுவில் ஒரு பங்குதான் நமக்குள் இருக்கிறது. பெரிய பங்கு நமக்கும் நம்மோடு உழைப்பவர்களுக்கும் நடுவே இருக்கிறது. அதனால் ஒரு தனி மனிதர் தன் வலுவை வளர்க்க விரும்பினால், முதலில் அந்த நடுவிடத்தைத்தான் வளர்க்க வேண்டும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது. கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும். தோணி வலையை விட்டுக்கொண்டே வளைந்து போய் மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். வலையின் மடியில் வந்த மீனை விற்று, செலவைக் கழித்து, வலைக்காரருக்கு ஒரு பகுதியும் இழுத்தவர்களுக்குப் பங்குமாகப் பிரிப்பார்கள். மடி வெறுமையாக வந்தால் எல்லாருக்கும் வெறுமைதான். அன்று ஒருவரும் தன்னைத் தோற்றவராக எண்ணி வீட்டுக்குப் போவதில்லை. வலைக்காரருக்குக் கிடைக்கும் பகுதி பற்றி நியாயமான குறைகள் உண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் இலாபத்தோடு நட்டத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது. மாதச் சம்பள வேலையில் நமக்குப் பெரும்பாலும் இல்லாதது அதுதான். அங்கே இலக்கு தவறினால் நட்டம் ஒருவர் தலையில் விழுகிறது.

கடலைவிட்டு வயலுக்குப் போனாலும் இதே பாடம். இதே மாவட்டத்தின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. தலைப்பக்கத்து வயல்காரர் தண்ணீரை எடுத்துக்கொள்ள, வால்பக்கத்தவருக்கு வராது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வால்பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகள். ஒருவரோடொருவர் ஒத்துழைக்கவே மாட்டார்கள் என்று அதிகாரிகள் முடிவுகட்டியிருந்த இடம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களை அங்கே அனுப்பின. அவர்கள் ஒரு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சில விவசாயிகளை முதலில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். பெரிய சங்கமெல்லாம் பிறகுதான். விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், தண்ணீர் தட்டுப்பட்ட காலத்திலும் வால்பக்கத்துக்கு விட்டார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இந்த அனுபவத்தை 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். ஒரே வாய்க்காலைப் பார்த்து நிற்கும் சிலர் கூடிப் பேசியதில் தொடங்கியது அது.

சுனாமியோடு சோதனை முடியவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியபோது மறுபடியும் நாடு மீனைக் கண்டு பயந்தது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டாவது தடவை, பிடித்த மீன் விலைபோகாமல் கிடந்தது. தொற்றால் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு 2020 ஏப்ரலில் விதித்த கட்டாயம் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் அது நீடித்தது. முஸ்லிம் தாதியும் ஆசிரியரும் வங்கி ஊழியரும், மௌத்தானால் அடக்கம் கிடைக்காதே என்ற பயத்தையும் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போனார்கள். பிறகு 2022. ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். கடலில் மீன் இருந்தும், உடம்பில் பலம் இருந்தும், படகு கரையில் நின்றது.

இத்தனைக்கும் நடுவே நிமிர்ந்து நின்றவர்களிடம் பொதுவாகக் காணப்படும் சில பழக்கங்களை உங்கள் வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வேலை நின்றாலும் கையை நிறுத்தாமை. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மாதக்கணக்கில் தொழில் இல்லாதபோது மீனவர்கள் வலை பொத்துவார்கள், தோணியைப் பழுது பார்ப்பார்கள். காசு வராத வேலை அது. ஆனால் நாளைக்கு ஒரு வடிவம் கொடுக்கும் வேலை. உங்கள் அலுவலகம் தடுமாறும் நாட்களில், முழுதும் உங்கள் கையில் இருக்கும் ஒரு சிறு காரியத்தைத் தெரிந்தெடுத்து ஒவ்வொரு நாளும் முடியுங்கள். வேலையின் சுமை கூடி, அதன்மேல் நமக்குள்ள அதிகாரம் குறையும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்று ஆய்வாளர் றொபர்ட் கரசெக் 1979இலேயே எழுதினார். சிறிய அளவிலாவது அந்த அதிகாரத்தைக் காப்பாற்றுவது அவசியம்.

இரண்டாவது, முழு உண்மையும் தெரிந்த ஒருவர். கூட வேலை செய்பவர்களில் ஒருவரிடமாவது "என்னால முடியல்ல மச்சான்" என்று சொல்லும் உறவு இருக்க வேண்டும். அது இடி விழுந்த அன்று உருவாகாது. சாதாரண நாளில் அவருடைய பளுவை நீங்கள் கொஞ்சம் தூக்கியிருந்தால்தான் உருவாகும்.

மூன்றாவது, நட்டத்தைப் பகிரும் ஏற்பாடு. பெண்கள் வீட்டுக்கு வீடு போடும் சீட்டு, ஜனாஸா வீட்டுக்கு அயலவர் சமைத்து அனுப்பும் சோறு, ஊழியர் நலன்புரிச் சங்கம் எல்லாமே அந்த வகைதான். உங்கள் வேலையிடத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் நாலு பேரைச் சேர்த்துத் தொடங்குங்கள்.

நான்காவது, நிறுத்தத் தெரிவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகத் தொழிலை நிறுத்திக் கரையில் நிற்பது முஸ்லிம் மீனவர் வழக்கம். கடன் இருக்கும், மீன் இருக்கும், ஆனாலும் நிறுத்துவார்கள். ஓய்வை ஒருவரின் விருப்பத்துக்கு விடாமல் ஊர் வழக்கமாக ஆக்கிவிட்டதால்தான் அது நிலைக்கிறது. அலுவலகத்திலும் இரவில் கைத்தொலைபேசியில் வேலை பேசுவதில்லை என்று எல்லாருமாக ஒரு முடிவு எடுத்தால் நிலைக்கும். ஒருவர் மட்டும் எடுத்தால் நிலைக்காது.

ஐந்தாவது, உதவி கேட்பது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனவுறுதி பற்றிய பிரச்சினை இல்லை. மருத்துவம் தேவைப்படும் நிலை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாப்பா அப்படி இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கரையோரத்துச் சனங்கள் எதையும் தாங்குவார்கள் என்ற புகழ்ச்சி எனக்குக் கவலை தருகிறது. சவூதி உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அவர்கள் தாங்கினார்கள் என்பது அந்தத் தாமதத்துக்கு நியாயம் ஆகாது. அதேபோல் ஆள் குறைத்து, சம்பளத்தை நிறுத்தி, வேலையைக் கூட்டிவிட்டு, ஊழியருக்கு மனவுறுதிப் பயிற்சி நடத்தும் நிறுவனம் தன் கடமையைச் செய்யவில்லை. நம் வலுவை நாம் வளர்ப்பது நமக்காகவும் நம்மோடு நிற்பவர்களுக்காகவும். பிறர் தட்டிக் கழித்த பொறுப்பை நிரந்தரமாகச் சுமப்பதற்காக இல்லை. அந்தப் பொறுப்பை நிறைவேற்றும்படி அவர்களைக் கேட்பதும் நமது வலுவின் ஒரு பகுதிதான், அதையும் தனியாகச் செய்ய முடியாது.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். நாளை உங்களுக்கு ஒரு மாதம் வேலைக்கு வர முடியாமல் போனால், உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளக்கூடிய இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். பெயர் வந்தால் அவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். வராவிட்டால், அவர்களைத் தேடுவதுதான் உங்கள் முதல் வேலை.

(அடுத்த வாரம்: மத்திய கிழக்கிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஊரில் மறுபடி வேலை தொடங்குவது பற்றி)