ஆவடிக் கூழாங்கல்லின் தாய்ப்பாறை எது?

ஆவடி, செங்குன்றம் வட்டாரத்தில் அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது, செம்மண் சரளையோடு உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் கிடைப்பதுண்டு. அருகிலுள்ள பாறைக் குன்றுகள் பரங்கிமலையும் பல்லாவரமும்தான், ஆவடியிலிருந்து 20 கி.மீ.கூட இராது. கற்களும் அங்கிருந்தே வந்திருக்கும் என்று தோன்றும். ஒரு கல்லை உடைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. பல்லாவரத்துப் பாறை சார்னோக்கைட். நாம் ஜல்லியாக வாங்கும் கருநீலக் கருங்கல். கூழாங்கல்லோ உள்ளே வெளிர்பழுப்பாக, சில சமயம் இளஞ்சிவப்பாக இருக்கும். உடைந்த முகத்தை நனைத்து லென்ஸில் பார்த்தால், கற்கண்டுத் தூள் இறுகியதுபோல மணல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது தெரியும். இது குவார்ட்சைட். ஆற்று மணலோ கடல் மணலோ பூமிக்கடியில் வெந்து இறுகிய பாறை. இதன் தாய்வீடு வடமேற்கே நகரி மலைப் பக்கம். அங்குள்ள பாறைகள் 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை.

மணல் லாரியில் வந்த கல்லாக இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ரோட்டோரக் கல்லை வைத்து எதையும் சொல்லக் கூடாது. கலையாத படுகையில் செம்பூராங்கல்லோடு இறுகிக் கிடப்பதுதான் சாட்சி. வெள்ளை வெங்கச்சங்கல்லும் சாட்சியாகாது, ஏனென்றால் அது எந்தக் கருங்கல் பாறையின் நரம்பிலிருந்தும் வரும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. சார்னோக்கைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நம் வெயிலிலும் மழையிலும் களிமண்ணாகிவிடும். ஆகவே சரளையில் சார்னோக்கைட் இல்லாததால் மட்டும், கற்களைக் கொண்டுவந்த பழைய வெள்ளம் அந்தக் குன்றுகளைத் தொடவில்லை என்று சொல்லிவிட முடியாது. சரிதான். ஆனால் குவார்ட்சைட் இருப்பதற்கு அது விளக்கமாகாது. பல்லாவரம் குன்று எவ்வளவு கரைந்தாலும் குவார்ட்சைட்டைத் தராது.

அப்படியானால் கொசஸ்தலை ஆறுதான் இவற்றை உருட்டியதா? சுமந்து வந்ததில் அதற்கும் பழைய ஆறுகளுக்கும் பங்கு உண்டு. உருட்டிய வேலை பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அல்லிக்குழி மலைகளிலும் சத்தியவேடு பக்கத்திலும், டைனோசர் காலத்து ஆறுகள் குவித்த குவார்ட்சைட் உருளைகள் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் படிவப்பாறையாக உறைந்து கிடக்கின்றன. மழை அரிக்க அரிக்க அவை மறுபடி உதிர்ந்து சமவெளிக்கு வருகின்றன. ஆகவே கல்லின் உருண்டையை வைத்து இன்றைய ஆற்றின் வேகத்தையோ தூரத்தையோ கணக்கிட்டால் தவறிவிடும். அதே கற்களைத்தான் அதிரம்பாக்கத்தின் ஆதிமனிதர்கள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரியாகச் செதுக்கினார்கள். 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியும் குவார்ட்சைட்டே. செதுக்கிய கல்லை மனிதர் சுமந்து வந்திருக்கலாம். ஆனால் செதுக்காத கல்லைப் படுகை படுகையாகக் கொண்டுவந்து பரப்ப வெள்ளத்தால்தான் முடியும்.