ஒரு மூக்கில் மட்டும் ஒழுகுகிறதா?

குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் பட்டாணியா, பாசிமணியா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். பெரியவர்களுக்கு ஒழுகினால் "சைனஸ்தான், ஆவி பிடி" என்று முடித்துவிடுகிறோம். ஒரே பக்கத்தில் சளி, அதில் கெட்ட வாடை, இடையிடையே ரத்தம் என்று வந்தால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் காலம் தள்ளாதீர்கள். காரணம் உள்ளே சிக்கிய பொருளாகவோ கட்டியாகவோ இருக்கலாம்.

மூக்குத்தியின் திருகாணி சதைக்குள் புதைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. சிறு வயதில் மூக்கில் போட்டுக்கொண்ட விதையைச் சுற்றிக் கால்சியம் உப்பு படிந்து, ஐம்பது வயதில் கல்லாக வெளிப்படுவதும் உண்டு. மேல் கடைவாயில் பொருத்திய செயற்கைப் பல்லின் திருகு மேலேறி சைனஸுக்குள் விழுந்துவிடலாம். அறுவைக்குப் பின் ரத்தம் நிற்க அடைத்த துணியை எடுக்க மறந்துவிடுவதும் நடக்கிறது. அதுதான் மன்னிக்க முடியாதது.

ஊக்கு, ஹேர்பின், நகைக்கடைக் குறடு எதையும் உள்ளே விடாதீர்கள். தள்ளிய பொருள் தொண்டைக்கு நழுவி மூச்சுக்குழாயில் விழலாம். மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும்; பிளாஸ்டிக்கும் சாதாரணத் துணியும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது" என்பதோடு திரும்பிவிடாதீர்கள். பெரிய கல்லை முழு மயக்கத்தில் உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி காகிதம். இதில்தான் நம் மக்கள் கோட்டைவிடுகிறார்கள். மூக்கில் எத்தனை துணி அடைத்தார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். மயக்கத்தின்போது தொண்டையில் துணி வைத்திருந்தால் அதற்கும் கணக்குக் கேளுங்கள். பழைய துணி ஒன்று வெளியே வந்தால் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். படம் எடுத்து, அறுவைக் குறிப்பில் ஏற்றி, நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உள்நோயாளியின் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை விதி சொல்கிறது. வாயால் கேட்காதீர்கள், அலைக்கழிப்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மூன்று ஆண்டுகள்தான் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம்.

மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். இழப்பீடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவமனைக்கு நீங்கள் கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான். ஆணையத்தில் கெடு இரண்டு ஆண்டுகள். தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தை எழுதித் தனி மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.