வாயில்லா ஜீவன்களும் சங்கத் தொண்டும்

அடிபட்ட பிராணியைக் கண்டு இரங்காதவர் நம் கிராமங்களில் அரியர். கிணற்றில் ஆடு விழுந்தால் ஊரே கூடுகிறது. உழவு மாடு படுத்துவிட்டால் கேளாமலே நால்வர் வந்து கை கொடுக்கின்றனர். ஆயினும், கூடிய கூட்டம் ஒரு நாழிகையில் கலைந்துவிடுகிறது. பிராணியோ பல நாட்கள் படுக்கையில் கிடக்கிறது. மீட்பது ஒரு பொழுதின் வேலை. தேற்றுவது பல இரவுகளின் வேலை. முன்னதற்கு இரக்கம் ஒன்றே போதும். பின்னதற்கு இரக்கத்தோடு ஒழுங்கான ஏற்பாடும் வேண்டும். அவ்வேற்பாட்டைச் செய்யக் கூட்டுறவுச் சங்கம் தக்க இடம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது

பிராணிகளைப் பேணுவது தருமம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், பிராணிவதையைத் தடுக்க அங்கே தனியார் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். பிராணியை வைத்திருப்பவர் அதற்குப் போதிய தீனி, நீர், நிழல் தராமல் விடுவதும், பசியாலோ தாகத்தாலோ அது வருந்தும்படி காரணமின்றிக் கைவிடுவதும் இச்சட்டப்படி குற்றங்களாகும். 1965-இன் விதிகள், வண்டி மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது.

சட்டம் குற்றத்தைத் தடுக்கலாம். நோயுற்ற மாட்டின் அருகில் இரவில் விழித்திருக்கச் சட்டத்தால் இயலாது. அதை அக்கம்பக்கத்தார்தாம் செய்ய வேண்டும்.

படுத்துவிட்ட பசு

நம் அங்கத்தினர் பலரும் காணக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சங்கக் கடனில் வாங்கிய கறவை, கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் திடீரென்று படுத்துவிடுகிறது. காதுகள் சில்லிட்டிருக்கின்றன, கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருக்கிறது, எழுப்பினாலும் எழவில்லை. இது பெரும்பாலும் பால் காய்ச்சல் என்னும் நோய். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடு இராது. சீம்பால் சுரப்பில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகச் செல்வதால் இரத்தத்தில் அச்சத்துக் குறைந்துவிடுவதே காரணம். கால்நடை மருத்துவர் அச்சத்தை நரம்பு வழியாக மெல்ல ஏற்றினால், பல பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கின்றன. ஆகவே, 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவித்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும்.

மருத்துவர் வருமுன்னும் வந்து சென்ற பின்னும் செய்ய வேண்டிய பணியே பெரிது. முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள உடல் ஒரே பக்கமாக ஆறு மணி நேரத்திற்கு மேல் அழுந்திக் கிடந்தால், அடியிலுள்ள தொடையின் தசையும் நரம்பும் நசுங்கிக் கெடத் தொடங்குகின்றன. பின்னர் முதல் நோய் நீங்கினாலும் பசு எழுவதில்லை. இதைத் தடுக்க, வைக்கோலைக் கனமாகப் பரப்பி, மூன்று நான்கு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். முற்றும் சாய்ந்து கிடக்கவும் விடலாகாது. வயிற்றிலுள்ள வாயு ஏப்பமாக வெளியேறாமல் உப்பி உயிரைப் போக்கும். வைக்கோல் அடைத்த சாக்குகளை இருபுறமும் அண்டக்கொடுத்து, நெஞ்சின்மேல் அமர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை. ஒவ்வொரு முறையும் குறைந்தது நால்வர். நள்ளிரவும் விடியற்காலையும் இதில் அடங்கும். கணவனும் மனைவியும் மட்டும் உள்ள ஒரு குடும்பம் இதை மூன்று நாட்கள் செய்ய முடியுமா? முடியாது. அதனால் தேறக்கூடிய பசு மாள்கிறது; கடன் மட்டும் நிற்கிறது. பன்னிருவர் முறை வைத்துக்கொண்டாலோ, ஒருவர் பங்குக்கு நாளொன்றில் இரண்டு அல்லது மூன்று முறையே வரும்.

அறியாத இரக்கம்

பசியால் வாடிய மாட்டைக் கண்டதும் சோற்றையும் பொங்கலையும் வயிறார வைப்போர் உண்டு. இது நஞ்சுக்கு ஒப்பாகும். சோறு அசைபோடும் வயிற்றில் புளித்து அமிலமாகி, மாட்டைச் சாய்த்துவிடும். பொங்கல் பண்டிகையை ஒட்டி மாடுகள் இவ்வாறு மடிவதுண்டு. மெலிந்த பிராணிக்கு முதலில் நீரும் வைக்கோலும் சிறிது பசுந்தீனியும் கொடுத்து, நாளடைவில் கூட்டுவதே முறை. தலை தூக்க இயலாத பிராணியின் வாயில் நீரையோ கஷாயத்தையோ ஊற்றினால் அது நுரையீரலில் இறங்கிவிடும்.

கிணற்றில் விழுந்த மாட்டைக் கழுத்திலோ கொம்பிலோ கயிறு கட்டித் தூக்கலாகாது. அகன்ற பட்டையை மார்பின் அடியிலும் வயிற்றின் பின்பகுதியிலும் கொடுத்தே தூக்க வேண்டும். பாழுங்கிணற்றில் நச்சுவாயு இருக்கக்கூடும்; மனிதர் இறங்குவது ஆபத்து. தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரை அழைப்பதே அறிவுடைமை.

பறவைகள்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நெசவாளர் மறக்கலாகாது. அடிபட்ட பறவையின் மேல் மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தினால் கண் மறைந்து, அதன் அச்சம் அடங்குகிறது. பிறகு காற்றுப் புகும் கூடையில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்தால், உதவி வரும்வரை உயிர் தரிக்கும். ஆனால் மயில் முதலிய வன உயிர்களை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வீட்டில் வைத்து வளர்க்க இயலாது. வனத்துறையினரிடம் உடனே ஒப்படைத்துவிட வேண்டும்.

தறிக்கூடத்திலிருந்து வெளியே எறியும் நூற்கழிவு புறாக்களின் கால்களில் சுற்றிக்கொண்டு, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, விரல்களை அறுத்துவிடுவதுண்டு. கழிவைக் கோணியில் சேர்த்துக் கட்டிவைப்பது நெசவாளர் செய்யக்கூடிய எளிய ஜீவகாருண்யம். பழைய பருத்தித் துணியைக் கொதிநீரில் இட்டு உலர்த்திச் சங்கத்தில் சேர்த்து வைத்தால், காயங்களுக்குக் கட்டுத் துணியாகும்.

தொண்டரின் பாதுகாப்பு

பிறவற்றைக் காக்கப் புகுவோர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தோர் மிக அரியர். ஆனால் உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் தடுக்க இயலும். 1885-இல் லூயி பாஸ்டர் கண்ட வழி அது; 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தென்னாட்டிற்கு அதைக் கொணர்ந்தது. நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்களைக் கையாளும் தொண்டர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்றியமையாதது.

சங்கம் செய்யத்தக்கன

முதலாவது, பன்னிரண்டு தொண்டர்களின் பெயரும் முறையும் எழுதிய அட்டவணை சங்கச் சுவரில் தொங்க வேண்டும்.

இரண்டாவது, வைக்கோல், சாக்கு, கயிறு, பட்டை, கட்டுத் துணி ஆகியவை ஓரிடத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வைக்கோல் விவசாயிகளின் பங்கு. துணி நெசவாளர்களின் பங்கு.

மூன்றாவது, பதிவேடு ஒன்று வேண்டும். நாள், பிராணி, உடையவர், செய்த சிகிச்சை, செலவு, முடிவு ஆகியவை அதில் ஏற வேண்டும். உபவிதிகள் இடந்தருமாயின் பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்கலாம். ரசீதின்றி ஒரு காசும் செலவாகக் கூடாது. தருமக் காரியத்திற்குக் கணக்கு எதற்கு என்பர் சிலர். கணக்கில்லாத தருமம் இரண்டாம் ஆண்டில் சண்டையில் முடியும்.

நான்காவது, அளவு அறிதல். புதிதாக வந்த பிராணியை மூன்று வாரமேனும் மற்றவற்றிலிருந்து விலக்கிவைக்க இடமில்லாத சங்கம், பல பிராணிகளைச் சேர்ப்பது நோயைச் சேர்ப்பதேயாகும். இரண்டைச் செவ்வையாகப் பேணுவது, இருபதைப் பட்டினி போடுவதினும் மேல்.

எல்லாப் பிராணிகளும் பிழைத்துவிடா. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கூறுமிடத்து, வேதனையை நீட்டாமல் அவர் முடிவுக்கு விடுவதும் தொண்டே. அதற்காக மனந்தளர வேண்டுவதில்லை.

ஒருவர் தனித்துச் சுமக்க இயலாத பாரத்தைப் பலர் கூடிச் சுமப்பதே கூட்டுறவு. நூலுக்கும் உரத்துக்கும் பொருந்துகிற அவ்விதி, படுத்துக் கிடக்கும் பசுவுக்கும் பொருந்தும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொணர்ந்து, பன்னிரண்டு பெயர்களை அன்றே எழுதிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.