அது எட்டா, 'அ'வா? பெயரைச் சொல்லித் தேடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். கீபோர்டில் இல்லாத குறியீட்டை எப்படி டைப் செய்வது? எனக்கு இந்தச் சந்தேகம் ஒரு நிலப் பத்திரத்தால் வந்தது.

நான் இருப்பது பெரம்பலூரில். அரியலூரில் இருக்கும் என் சித்தப்பா, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொடுத்து, "தாளெல்லாம் உதிருதுப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு நகல் அடிச்சு வை" என்றார். எங்கள் இரண்டு ஊர்களும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலத்துப் பத்திரம் அது. (பெரம்பலூர் மாவட்டம் உருவானது 1995-ல்தான்.) எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரே குறியீடுகள்.

ஓரிடத்தில் நிலத்தின் எண் ௨௮ என்று இருந்தது. அதாவது 28. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே என்று கீபோர்டில் உள்ள 'உ', 'அ' எழுத்துகளையே தட்டிவிட்டேன். என் நகலைப் பார்த்துப் பட்டியல் தயாரித்த தம்பி, முதல் எழுத்தை 2 என்று மாற்றி, அடுத்ததை அப்படியே விட்டு, '2அ' என்று எழுதிவிட்டான். நில ஆவணங்களில் உட்பிரிவைக் காட்ட அ, ஆ என்று சேர்ப்பது உண்டு அல்லவா? 28-ஆம் எண் நிலம், 2-ஆம் எண்ணின் உட்பிரிவாகிவிட்டது! சித்தப்பா ஒரு முறை படித்துப் பார்த்ததால் தப்பித்தோம்.

தவறு என்னுடையது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. யூனிகோட் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு எண்ணும் ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. எட்டு என்னும் எண்ணின் பெயர் 'டமில் டிஜிட் எய்ட்'. அதன் குறி எண் 0பிஇஇ. எழுத்தான 'அ'வின் பெயர் 'டமில் லெட்டர் ஏ'. அதன் குறி எண் 0பி85. உருவம் ஏமாற்றும், பெயர் ஏமாற்றாது. எனவே பெயரைக் கொடுத்தே தேடி எடுப்போம்.

விண்டோஸில் இதற்கு கேரக்டர் மேப் என்ற புரோகிராம் உள்ளது.

1. ஸ்டார்ட் மெனுவில் கேரக்டர் மேப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறக்கவும்.
2. மேலே உள்ள ஃபான்ட் பட்டியலில் நிர்மலா யுஐ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. கீழே அட்வான்ஸ்டு வியூ என்ற கட்டத்தில் டிக் செய்யவும்.
4. சர்ச் ஃபார் பெட்டியில் 'டமில் டிஜிட்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, சர்ச் பட்டனைக் கிளிக் செய்யவும். தமிழ் எண்கள் வரும். 'டமில் டே', 'டமில் மன்த்', 'டமில் இயர்', 'டமில் ருபீ' என்றும் தேடலாம்.
5. வேண்டியதைக் கிளிக் செய்தால் கீழ் வரியில் அதன் பெயர் தெரியும். சரிபார்த்த பின் செலக்ட், காப்பி பட்டன்களைக் கிளிக் செய்யவும். உங்கள் கோப்பில் கன்ட்ரோல் + வி கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இன்னும் எளிது. இன்சர்ட் மெனுவில் ஸ்பெஷல் கேரக்டர் பிரிவைத் திறந்து, தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் போதும். ஈமேக்ஸ் என்ற இலவச எடிட்டரில் மவுஸே வேண்டாம். கன்ட்ரோல் + எக்ஸ், பிறகு 8, பிறகு என்டர் தட்டினால் அதுவே பெயரைக் கேட்கும்.

ஏற்கெனவே டைப் செய்த கோப்பில் இருப்பது எண்ணா, எழுத்தா என்று சந்தேகமா? எம்.எஸ். வேர்டில் அந்தக் குறியீட்டுக்கு வலப்புறம் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் தட்டுங்கள். குறி எண்ணாக மாறிவிடும். 0பிஇஇ என்றால் எட்டு, 0பி85 என்றால் 'அ'. மறுபடி ஆல்ட் + எக்ஸ் தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

சேமிக்கும்போதும் கவனம் தேவை. நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கட்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். திரும்பக் கிடைக்காது.

மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறியீடுகள் 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றைக் கேரக்டர் மேப் காட்டாது. நோட்டோ சான்ஸ் டமில் சப்ளிமென்ட் போன்ற ஃபான்ட்டை நிறுவிக்கொண்டு ரைட்டரில் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரிந்தாலும், அச்சிட்ட தாளைப் படிப்பவர் கண்ணுக்கு ௮-வும் அ-வும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே ௨௮ (28) என்று பக்கத்திலேயே வழக்கமான எண்ணையும் எழுதிவிடுங்கள். புதிய நகலை அப்படித்தான் அடித்தேன். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். "இப்ப சரியா இருக்குப்பா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். எடுத்துச் செய்து பாருங்கள்.