பழைய டேப் டிரைவ் ஓடலையா? டேப்பை உள்ளே தள்ளும் முன் இதைப் படிங்க!

அலுவலக பீரோவில் பத்து, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பேக்கப் டேப்கள். பக்கத்திலேயே தூசி படிந்த டேப் டிரைவ். ஆடிட்டுக்கோ, கோர்ட் வழக்குக்கோ பழைய கணக்கு கேட்கும்போதுதான் பலருக்கும் அதன் ஞாபகமே வரும். டேப்பைப் போட்டால் எச்சரிக்கை விளக்குதான் எரியும். அந்தப் பதற்றத்தில் அழுத்தும் ஒரு பட்டன், இருக்கிற ஒரே காப்பியையும் அழித்துவிடலாம். என்ன செய்யணும்? என்ன செய்யக் கூடாது?

இந்தக் காலத்திலும் டேப்பா?

ஆமாம். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் மெயில்கள் காணாமல் போயின. வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த பிரதிகளும் பாதிக்கப்பட்டன. கூகுளைக் காப்பாற்றியது டேப்தான். கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியாக இருப்பதால், அந்தக் கோளாறு டேப்பை எட்டவில்லை.

முதலில் எந்த டேப்பைப் போடுவது?

முக்கியமான டேப்பை மட்டும் போடாதீங்க. கெட்டுப்போன டிரைவ் நல்ல டேப்பையும் கசக்கிவிடும். போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு டேப்பை வைத்துத்தான் சோதிக்கணும்.

முக்கியமான டேப்பில் மூன்று விஷயம் பாருங்க. ஒன்று, எழுதுவதைத் தடுக்கும் சின்ன ஸ்விட்சை பூட்டு பக்கம் தள்ளிவிடுங்க. இரண்டு, பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. மூன்று, ஏசி இல்லாத அறையிலிருந்து ஏசி அறைக்குக் கொண்டுவந்தால் 24 மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்க.

கம்ப்யூட்டரே டிரைவைக் காட்டவில்லை என்றால்?

பழுது டிரைவில் இருக்கணும்னு அவசியம் இல்லை. பழைய டிரைவ்கள் பெரும்பாலும் ஸ்கஸி கேபிளில் ஓடுபவை. அந்த இணைப்பின் இரு முனையிலும் டெர்மினேட்டர் இருக்கணும். ஒரே ஐடி எண்ணில் இரண்டு சாதனங்கள் இருக்கக் கூடாது. முதலில் டிரைவை ஆன் செய்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்க. ரெய்டு கார்டில் இணைத்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்க. பல ரெய்டு கார்டுகள் டேப் டிரைவை ஏற்காது.

டிரைவ் தெரியுது, ஆனா படிக்கலையா?

பல எல்டிஓ டிரைவ்களில் டிஸ்பிளேயில் ஆங்கில 'சி' எழுத்து வந்தாலோ, கிளீனிங் விளக்கு எரிந்தாலோ, ஹெட்டைச் சுத்தம் செய்யணும்னு அர்த்தம். அதற்கான கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டாலே போதும், டிரைவே வேலையை முடித்துவிடும். பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் ஒரே ஒரு டேப்புக்கு மட்டும் விளக்கு எரிந்தால் கோளாறு அந்த டேப்பில். எந்த டேப் போட்டாலும் எரிந்தால் கோளாறு டிரைவில்.

தலைமுறையையும் பாருங்க. எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள், தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படிக்கும். எல்டிஓ-4 டேப்பை எல்டிஓ-4, 5, 6 டிரைவ்கள் படிக்கும், 7 படிக்காது. எல்டிஓ-8, 9 டிரைவ்கள் ஒரு தலைமுறை மட்டும்தான் பின்னால் போகும்.

எல்டிஓவுக்கு முந்தைய கால் அங்குல டேப் டிரைவ் என்றால் இன்னொரு ஆபத்து. உள்ளே இருக்கும் ரப்பர் உருளை காலப்போக்கில் பிசின் மாதிரி ஆகியிருக்கும். அதை மாற்றாமல் டேப்பைப் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால்?

வேண்டாம் என்றே சொல்லுங்க. மென்பொருளுக்குத் தெரியாத வடிவத்தில் பேக்கப் இருந்தால், அது டேப்பைக் காலி என்று நினைத்து இப்படிக் கேட்கலாம். டேப்பின் தொடக்கத்தில் புதிதாகக் கொஞ்சம் எழுதினாலும், டிரைவ் 'தகவல் இதோடு முடிந்தது' என்று குறித்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பதைச் சாதாரண வழியில் படிக்க முடியாது.

செய்ய வேண்டியது, அன்று பேக்கப் எடுத்த அதே மென்பொருளைத் தேடுவது. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பேக்கப் வசதி விஸ்டாவிலேயே நீக்கப்பட்டுவிட்டது. புது விண்டோஸில் டேப் திறக்கவில்லை என்பதால் டேப் போச்சு என்று அர்த்தம் இல்லை.

டேப் வெளியே வரலையா?

கத்தி, ஸ்குரூடிரைவர் எடுக்காதீங்க. உள்ளே சுற்றப்பட்ட நாடா பல நூறு மீட்டர் நீளம். முழுக்கச் சுற்றி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். காத்திருங்க. அப்புறமும் வரவில்லை என்றால் டேட்டா மீட்பு நிபுணரிடம் டிரைவோடு கொடுப்பதே பாதுகாப்பு.

ஒருவேளை டேப் ஓடிவிட்டால், முதல் தடவையிலேயே மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிடுங்க. நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்த பிறகு இன்னொரு காப்பியும் எடுத்து வேறு இடத்தில் வையுங்க. அந்தப் பழைய டிரைவ் அடுத்த தடவையும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.