மின்-ஆதாரில் மஞ்சள் கேள்விக்குறி: ஆவணம் போலி என்று பொருளா?

திருவனந்தபுரம்: தமிழ் வணிகக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஆரியசாலையில் மின்-ஆதாரைப் பதிவிறக்குபவரானாலும், சென்னையில் பதிவிறக்குபவரானாலும், கணினித் திரையில் பெரும்பாலும் காண்பது ஒன்றுதான். பிடிஎஃப் ஆவணத்தின் கையொப்பப் பகுதியில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தோன்றும். செல்லுபடித்தன்மை தெரியவில்லை என்ற பொருளில் ஆங்கில வாசகமும் இருக்கும். இது போலி ஆவணமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால், 'என்னால் உறுதி செய்ய இயலவில்லை' என்று மட்டுமே மென்பொருள் அங்கு தெரிவிக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்து 'ஹேஷ்' எனப்படும் சுருக்க எண் கணக்கிடப்பட்டு, கையொப்பமிடுபவரின் ரகசியச் சாவியால் கையொப்பமிடப்படுகிறது. அதனை எவரும் அவரது பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கலாம். ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு பொருந்தாது.

இக்கணக்கை மென்பொருள் உருவாக்குநர்கள் பொதுவாகத் தாமே எழுதுவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற ஆயத்த நிரல் நூலகங்களிடம் விட்டுவிடுகின்றனர். அந்நூலகத்தின் சரிபார்ப்புச் செயற்கூறு ஒன்று மூன்று விடைகளைத் தரும்: கையொப்பம் சரியெனில் 1, தவறெனில் 0, சரிபார்ப்பே நடைபெறாமல் பிழை ஏற்பட்டால் -1. பல நிரல்கள் 'பூஜ்யம் அல்லாத எதுவும் சரி' என்று எழுதப்பட்டிருந்ததால், -1 என்பதும் ஒப்புதலாகவே கொள்ளப்பட்டது. வேண்டுமென்றே சிதைத்து அனுப்பப்பட்ட கையொப்பம் பிழையை உண்டாக்கி, அதனாலேயே ஏற்கப்படும் விபரீத நிலை அது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உட்பகுதிகளிலேயே இத்தவறு இருந்தது. 2009 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. பைண்ட் என்ற டொமைன் பெயர் சேவை மென்பொருளிலும் இதே வகைத் தவறு காணப்பட்டது.

கணக்கு சரியாக இருப்பது மட்டும் போதாது. சாவி யாருடையது என்பதும் உறுதியாக வேண்டும். இந்தியாவில் அந்த நம்பிக்கைச் சங்கிலியின் உச்சியில் இருப்பது சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் வழங்கும் மூலச் சான்றிதழ். 2014 ஜூலையில் தேசிய தகவலியல் மையத்தின் பெயரில், கூகுள் இணைய முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டது கண்டறியப்பட்டது. கணக்கின்படி அவற்றில் குறையில்லை. கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களையே ரத்து செய்ய நேரிட்டது.

மின்-ஆதாரின் கேள்விக்குறிக்கும் இச்சங்கிலியே காரணம். பிடிஎஃப் மென்பொருள் இந்திய மூலச் சான்றிதழைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் கொண்டிருக்கவில்லை எனில் அக்குறி தோன்றும். கையொப்பத்தின் விவரங்களைத் திறந்து, சான்றிதழ் வழங்கியவர் யார் எனப் பார்த்த பின்னரே அதை நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதன்பின் சரிபார்த்தால் பச்சைக் குறி தோன்றும். பார்க்காமல் சேர்ப்பது, -1 விடையை ஒப்புதலாகக் கொண்ட நிரலின் செயலுக்கு ஒப்பானது.

காகிதத்தில் அச்சிட்ட பிரதியில் இந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க வழியில்லை. அதற்கு, ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்துடன் அச்சிடப்படும் க்யூஆர் குறியீட்டை அந்த ஆணையத்தின் செயலி மூலம் ஸ்கேன் செய்து பார்க்கலாம்.